முழு நைட் மாணவர்கள்

காலை ஏழே முக்காலுக்கு சிங்காநல்லூரிலிருந்து ஹோப் காலேஜ் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஜன்னலோரத்தில் ஐந்தாறு காலேஜ் பையன்கள் வாய் பிளந்து, தலை தொங்கி, தவநிலையில் இருப்பார்கள். கண்டக்டர் தோளைத் தட்டினால் கண் திறக்காமலே பாஸை நீட்டுகிற வித்தையும் தெரியும்.

(ஹோப் காலேஜ் என்று அங்கே காலேஜ் எதுவும் கிடையாது. ஜி.டி.நாயுடு 1945-ல் ஆரம்பித்த ஆர்தர் ஹோப் கல்லூரி இடமும் பெயரும் மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பஸ் ஸ்டாப்பில் பெயர் மட்டும் பாக்கி. இன்ஜினீயரிங்குக்கு நாலு வருஷம் எதற்கு, ரெண்டு போதும் என்று வாதாடியவர் நாயுடு. கேட்டிருந்தால் மீதி ரெண்டு வருஷம் பையன்கள் தூங்கியிருக்கலாம்!)

எங்கள் ஊருக்குத் தூக்கம் புது சப்ஜெக்ட் இல்லை. மில் ஊர். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மூன்று விதமாகத் தூங்கப் பழகின ஊர். என் அப்புச்சி முழு நைட் முடித்து வந்து படுத்தாரென்றால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வாசலில் அம்மாயி காவல். ஐஸ்காரர் மணியடிக்கக் கூடாது, நாங்கள் பம்பரம் விடக் கூடாது. "அப்புச்சி தூங்கறாரு, அக்கட்டால போய் வெளையாடுங்க கண்ணு!" அவர் தூக்கம் சம்பளத்தோடு சேர்த்தி. வீடே அதைக் காப்பாற்றியது.

இப்போது எங்கள் மாடியில் குடியிருக்கிற தம்பியைப் பாருங்கள். பி.காம் இரண்டாம் வருஷம். அப்பாவின் லேத் பட்டறையில் ஆர்டர் குறைந்துபோனதால், செமஸ்டர் ஃபீஸுக்காக சாயங்காலம் ஐந்து முதல் பதினொன்று வரை வண்டியில் சாப்பாடு டெலிவரி. பிறகு அசைன்மென்ட். பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறான். மூன்று ஷிப்ட்டையும் ஒரே ஆள் பார்க்கிறான், ஓவர்டைம் கிடையாது.

"எப்பப்பா தூங்குவே?"

"கிளாஸ்லீங்ணா."

நானும் பி.காம் என்பதால் ஒருநாள் அவன் தூக்கத்துக்கு பேலன்ஸ் ஷீட் போட்டேன். 18 முதல் 25 வயதுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்காவின் நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015-ல் சொன்னது. குறைந்தபட்சம் ஏழு என்றாலும் இவனுக்குத் தினம் இரண்டு மணி நேரம் துண்டு. ஆறு நாளில் பன்னிரண்டு. ஞாயிறு பதினோரு மணி நேரம் உருண்டாலும் நாலுதான் அடைபடும். பாக்கி எட்டு அடுத்த வாரத்துக்கு கேரி ஃபார்வர்ட். எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

"சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே" என்பார்கள் பெரியவர்கள். அந்த வயதில் உடம்புக் கடிகாரமே லேட்டாக ஓடுகிறது. தூக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். பேக்கரி டீயும் உதவாது. ராத்திரி பத்து மணிக்குக் குடித்த டீயின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, மூன்று மணிக்கும் ரத்தத்தில் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கும்.

பரீட்சைக்கு நைட் அவுட் போடுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1924-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். விழித்திருந்த நேரங்களைவிட, தூங்கி எழுந்த பிறகுதான் அதிகம் ஞாபகம் இருந்தது. அர்த்தமில்லாததை மனப்பாடம் செய்வது நம் பையன்களுக்கும் பழக்கம்தானே!

2012-ல் ராம்லீலா மைதான வழக்கில் தூக்கம் அடிப்படை உரிமை என்றே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். "அதைய எங்க எச்.ஓ.டி.கிட்டச் சொல்லுங்ணா" என்றான்.

இதுவரை சிரித்தாயிற்று. போன மாசம் ஒரு ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவன் சொன்னது வேறு. திருச்சி ரோட்டில் கடைசி ஆர்டரோடு வந்தவன் கண் திறந்தபோது முன் சக்கரம் மீடியனுக்கு ஒரு சாண் தூரத்தில். அதற்கு முந்தின சில வினாடிகள் அவன் நினைவிலேயே இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்ததில்தான் விழிப்பு. "அம்மாகிட்டச் சொல்லிராதீங்ணா."

1997-ல் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கையும் மூளையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவனைப் போலத் தடுமாறின. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவே 0.03தான். ஐந்தரைக்கு எழுகிறவனுக்கு 17 மணி நேரம் முடிவது ராத்திரி பத்தரைக்கு. அந்த நேரத்தில் போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மெஷின் சைபர் காட்டும். சல்யூட் அடித்து அனுப்பிவிடுவார்.

இதைச் சொன்னதும் பையன் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபீஸ் கட்ட வேண்டும், அதையும் மறுக்க முடியாது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

இப்போது ஒன்பதரைக்கு லாக் அவுட் செய்துவிடுகிறான். பத்து மணிக்கு மேல் ஓட்டினால் கிடைக்கிற இன்சென்டிவ் போச்சு. மாசம் 1,200 ரூபாய் அடி. நேற்று நோட்டோடு வந்து நின்றான்.

"ஏனுங்ணா, இந்த ஆயிரத்தி எரநூறை நட்டத்துல எழுதறதா, செலவுல எழுதறதா?"

என் அக்கவுண்டன்ஸி வாத்தியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.