அடிமட்டத்தோடு கிற்றார் வாங்கப் போன கதை

ஏ.எல் எழுதி முடிச்ச கையோட அம்மா சீட்டுக் காசில எனக்கு ஒரு கிற்றார் வாங்கித் தந்தா. கறுப்பு நிறம், மினுங்கல் பொலிஷ், ஒரு பக்கம் வெட்டி வளைச்ச உடம்பு. அம்ப்பில் கொழுவ வயர் ஓட்டையும் நாலு பட்டனும் வேறு. கடையில் தொங்கினதிலேயே வடிவானது அதுதான். விலை 22,000 ரூபாய்.

எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். சி கோர்ட் பிடித்தால் இரண்டு கம்பி ஊமை. எஃப் கோர்ட் பிடித்தால் எல்லாமே ஊமை. சோறு குழைக்கும்போது விரல் நுனி எரியும். யூரியூப்பில் சொல்லித்தருகிற எல்லாரும் "முதல் கொஞ்ச நாள் நோகும், பிறகு பழகிவிடும்" என்றார்கள். எனக்கு எட்டாம் மாதமும் நொந்தது. ஒருநாள் உறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். "உனக்கு வராட்டி விடு பிள்ளை" என்று மட்டும் அம்மா சொன்னா. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதுக்குப் பிறகு கம்பஸ் வந்து இரண்டாம் வருடத்தில், பட்ச் பெடியன் ஒருத்தனின் பழைய கிற்றாரைச் சும்மா எடுத்து எஃப் பிடித்துப் பார்த்தேன். ஆறில் ஐந்து கம்பி தெளிவாகக் கேட்டது. நம்பாமல் திரும்பவும் அடித்தேன். அதே ஐந்து. அவன் சேர்ச் குவாயரில் வாசிக்கிறவன். என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "உன்ர கையில பிழை இல்ல. உன்ர கிற்றார்ல அக்ஷன் சரியான உயரமா இருந்திருக்கும்."

அக்ஷன் என்பது கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையில் இருக்கிற உயரம். ஸ்டீல் கம்பிக் கிற்றார் என்றால், 12ஆவது பிரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 2.5 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் வாசிக்கச் சுகம். 4 மில்லிமீற்றருக்கு மேல் போனால், புதுசாய்ப் பழகுகிறவருக்கு அது தண்டனை.

இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்று யோசித்தேன். எங்கட ஊரில் பிள்ளைக்கு வயலின் வாங்குவது என்றால் சங்கீத மிஸ் கூட வருவா. மிருதங்கம் என்றால் மாஸ்டர் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். கிற்றார் பழகுகிற எங்களுக்குக் குரு யூரியூப்தான். அது கடைக்குக் கூட வராது.

இந்த வருடம் ரியூஷன் குடுத்துச் சேர்த்த 50,000 ரூபாயோடு திரும்ப ஒரு கிற்றார் வாங்க வெளிக்கிட்டேன். இந்த முறை முதலில் படித்தேன்.

முதல் கேள்வி, நைலோனா ஸ்டீலா? நைலோன் கம்பி விரலுக்கு மெது. ஆனால் அந்தக் கிளாசிக்கல் கிற்றாரின் கழுத்து அகலம். சினிமாப் பாட்டுக்குக் கோர்ட் அடித்துப் பாடத்தான் எனக்கு ஆசை, அதால் ஸ்டீல். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கோ: நைலோன் கிற்றாருக்கு ஸ்டீல் கம்பி போடக்கூடாது. ஸ்டீல் கம்பிகளின் இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிரிட்ஜ் பிய்ந்துவிடும்.

இரண்டாவது, மரம். மேற்பலகை முழு மரமாக இருந்தால் அது சொலிட் டொப். மெல்லிய தகடுகளை பிளைவூட் மாதிரி ஒட்டியிருந்தால் லமினேட். யமஹாவில் எஃப்.ஜி.800 சொலிட் டொப், எஃப்310 லமினேட். சொலிட் டொப்பின் சத்தம் நல்லதுதான். ஆனால் முழு மரம் காற்றின் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். கிற்றாருக்குச் சுகமான ஈரப்பதன் 45 முதல் 55 வீதம். எங்கட மாரி மழையில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? லமினேட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதோடு, சொலிட் டொப் என் காசுக்கு எட்டாது. அதால் லமினேட் என்று முடிவெடுத்தேன். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

மூன்றாவது, என் பழைய பிழை. குறைந்த விலைக் கிற்றாரில் வளைவு வெட்டு, பட்டன், மினுக்கம் எல்லாவற்றுக்கும் காசு போனால் மிச்சக் காசில்தான் கழுத்தைச் செய்திருப்பார்கள். அந்த விலைக்கு ஒன்றுமில்லாத சாதாரணக் கிற்றார்தான் நல்லது.

பள்ளிக்கூடக் காலத்து அடிமட்டத்தை பாக்கில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். ஒரு கடையில் 12ஆவது பிரெட்டில் அடிமட்டத்தை வைக்க, நின்ற அண்ணா சிரித்தார். "தங்கச்சி, சேலைத்துணியா அளக்கிறீங்க?" பரவாயில்லை, சிரிக்கட்டும். அந்தக் கிற்றார் 4 காட்டியது.

அளந்த பிறகு செய்ததையும் சொல்கிறேன். கிற்றாரைத் துவக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து கழுத்து நீளத்துக்கும் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மிகச் சிறிய வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக்கூடாது. கழுத்தின் ஓரமாகக் கையை இழுத்துப் பார்த்தேன், பிரெட் முனைகள் கீறுதா என்று. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் அமத்தி அடித்தேன், எங்கேயாவது இரையுதா என்று. பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு கடதாசித் துண்டை நுழைக்கப் பார்த்தேன். நுழைந்தால் பிரிட்ஜ் கிளம்பத் தொடங்கிவிட்டது. கடைசியாக போனில் டியூனர் அப்பைப் போட்டு, கம்பியை வெறுமனே அடித்த சுரமும் 12ஆவது பிரெட்டில் அமத்தி அடித்த சுரமும் ஒன்றா என்று பார்த்தேன். ஒரு ஸ்தாயி மேலே அதே சுரம்தான் வரவேண்டும். வராவிட்டால் எவ்வளவு டியூன் பண்ணினாலும் அபசுரம்தான்.

மூன்று கடையிலும் மனம் ஒத்துவரவில்லை. கடைசியில், வெளிநாடு போகிற ஒரு அக்காவிடம் பாவித்த எஃப்310 ஒன்று கிடைத்தது. 38,000 ரூபாய். பின்பக்கம் இரண்டு கீறல், ஆனால் கழுத்து நேர். அக்ஷன் 3 மில்லிமீற்றர். குவாயர் பெடியனுக்குத் தெரிந்த ஒரு அண்ணா, கம்பிகள் உட்காருகிற சடில் என்ற வெள்ளைத் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை அரத்தாளில் தேய்த்துத் தந்தார். 12ஆவது பிரெட்டில் அரை மில்லிமீற்றர் இறங்க, சடிலில் ஒரு மில்லிமீற்றர் தேய்க்கவேண்டும். புதுக் கம்பியும் அவர் கூலியும் சேர்த்து 5,000 ரூபாய். நீங்கள் வாங்கும்போதும் பத்தில் ஒரு பங்கை இதுக்கென்று ஒதுக்கி வையுங்கோ. கிற்றாருக்கே எல்லாக் காசையும் குடுத்துவிட்டால் அது பாதிக் கிற்றார்தான்.

சத்தம் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இரவு வாசித்துவிட்டுக் கீழே வைத்தால், விடியத் திரும்பவும் எடுக்கத் தோன்றுகிறது. நடுத்தரக் காசில் வாங்கும்போது சத்தத்தை விட இதைத்தான் பார்க்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

போன லீவுக்கு வீட்ட போனபோது, அலுமாரிக்கு மேல் இருந்த கறுப்புக் கிற்றாரை இறக்கித் தூசி தட்டி அளந்தேன். ஐந்தரை மில்லிமீற்றர். சடிலைத் தேய்த்துச் சரிக்கட்டுவதென்றால் ஆறு மில்லிமீற்றர் தேய்க்கவேணும். வெளியில் தெரிந்த சடிலே மூன்றுதான். பிரிட்ஜுக்குக் கீழே கடதாசி சுகமாகப் போய் வந்தது. வாங்கின நாளே அது எப்படி இருந்ததென்று இனித் தெரியாது. ஆனால் எட்டு மாதமும் எனக்கு வராமல் போனதுக்குக் காரணம் நான் மட்டும் இல்லை.

அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா. "என்ன பிள்ளை, அதை இன்னும் வச்சிருக்கிறாய்?"

"எனக்கு வராது எண்டு இல்லையம்மா" என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், அப்ப கிற்றார்தான் பிழையா என்று கேட்பா. மாதம் மாதம் கட்டின சீட்டு அது. புதுசை எடுத்து, அவவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை வாசித்தேன். எஃப் வருகிற இடத்தில் ஒரு கம்பி ஊமையாய்த்தான் போனது. அம்மா கவனிக்கவில்லை. அகப்பையோடு வாசலில் நின்று முடியும்வரை கேட்டா.