கைமாறும் ஆட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. பெங்களூரு அல்சூர் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டருகே ஒரு கல்லூரி மாணவர் டிஸ்க் ஒன்றை வெயிலுக்கு நேராகப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். மாம்பழம் வாங்குபவரின் அதே சிரத்தை. எதிரே தோள்பையுடன் நிற்பவருக்கு வயது 43. சாஃப்ட்வேர்காரர். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் தகப்பனைப் போலக் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருக்கிறார்.

"ஸ்கிராட்ச் இல்லதானே சார்?"

"ஒரு தடவை ஆடி முடிச்சேன், அவ்வளவுதான். பாரு, புதுசு மாதிரி இருக்கு."

"லாஸ்ட் எஷ்டு?"

கன்னடமும் தமிழும் கலந்த பேரம் ஐந்து நிமிடத்தில் முடிகிறது. 3,999 ரூபாய் கொடுத்து வாங்கிய வீடியோ கேம் 700 ரூபாய்க்குப் போகிறது. மாணவர் செல்போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டு ஓட்டமாகப் படியேறுகிறார். இன்று ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. விற்றவருக்குந்தான்.

இது நடந்தது 2023 மே மாதத்தில். மார்ச்சில் அவருக்கு வேலை போயிருந்தது. அந்த வருடம் பெங்களூரில் அப்படி வேலை இழந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் என்பதால் யாரும் பெரிதாகத் துக்கம் விசாரிக்கவில்லை. ஆனால் ஜூனில் மகனின் பள்ளிக் கட்டணம் நிற்கிறது. அலமாரியில் 46 டிஸ்க்குகளும் நிற்கின்றன. "சும்மா கிடக்கறதை வித்தா வீட்டுல இடமாவது மிச்சம்" என்றார் மனைவி. பத்து வருடங்களாகச் சொல்லி வந்ததுதான். இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

விளையாட்டுப் பொருளை விற்பது அவருக்குப் புதிதல்ல. அவர் வளர்ந்ததே அல்சூரில்தான். 1993-ல் சென்னை மாமா பர்மா பஜாரிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். ஜப்பானின் நின்டென்டோ 1983-ல் கொண்டுவந்த கருவியின் நகல். டி.வி.யில் செருகினால் மரியோ ஓடுவார், 'கான்ட்ரா'வில் துப்பாக்கி வெடிக்கும். அப்போது அதற்குப் பெயர் கேம் அல்ல, 'கேசட்'. ஓடாவிட்டால் அடியில் ஊத வேண்டும். ஆடி அலுத்த கேசட்டைத் தெருமுனைக் கடையில் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு வைத்தால் வேறொன்று கிடைக்கும். ஒரே கேசட் பல வீடுகளைச் சுற்றி, லேபிள் கிழிந்து, மூன்று மாதம் கழித்துத் தன்னிடமே திரும்பி வந்ததும் உண்டு. யாருக்கும் அது நஷ்டமாகத் தோன்றியதில்லை.

பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு வந்தது 2014 ஜனவரியில். விலை 39,990 ரூபாய். முதல் மாதமே வாங்கினார். நல்ல சம்பளம், ஒரே மகன், அலமாரி நிறைய இடம். அன்று விற்பதைப் பற்றி யார் யோசித்தார்கள்?

விற்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது என்பதை இப்போது கற்றுக்கொண்டார். கெம்பேகவுடா சாலைப் பக்கம் நேஷனல் மார்க்கெட்டுக்குப் பையோடு போனால் கடைக்காரர் ஒரு பார்வையில் விலை சொல்லிவிடுவார். குறைந்த விலைதான், ஆனால் மொத்தமாக எடுத்துக்கொள்வார். தனியாக விளம்பரம் கொடுத்தால் விலை கூடும். கூடவே "எக்ஸ்சேஞ்ச் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகும் இருபது பேருக்குப் பதில் சொல்லும் பொறுமையும் வேண்டும். கதையுள்ள ஆட்டங்கள் விலை தாங்குகின்றன. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' வெளியானது 2013-ல். பத்து வருடம் கழித்தும் அதற்கு ஆள் வந்தது. கால்பந்து ஆட்டமான 'ஃபிஃபா'வின் கதை வேறு. வருடா வருடம் புதியது வந்ததும் முந்தையது நேற்றைய செய்தித்தாள். 'ஃபிஃபா 19'-ஐ அவர் 150 ரூபாய்க்குக் கொடுத்தார். அட்டைப் பெட்டியோடு.

ஆறு வாரங்களில் 46-ல் 41 போயிற்று. கட்டணத்தின் முதல் தவணைக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகுதான் இன்னொரு கணக்கைப் போட்டார். 2018-க்குப் பிறகு சோம்பல் காரணமாகப் பல ஆட்டங்களைக் கடைக்குப் போகாமல் இணையத்திலேயே வாங்கி இறக்கியிருந்தார். மின்னஞ்சலில் வந்திருந்த ரசீதுகளைக் கூட்டினால் 58,000 ரூபாய். அலமாரியில் இருந்ததைவிட நல்ல ஆட்டங்கள். ஒரு கீறலும் கிடையாது. விற்றால் என்ன வரும்? பூஜ்யம். விற்க வழியே இல்லை. பணம் கொடுத்து வாங்கியது பொருளை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தை. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் இடம் தருவதில்லை. அந்த ஒப்பந்தத்துக்குக் கீழே 'சம்மதம்' என்று அழுத்தியது அவரேதான். படித்துப் பார்த்தவர் யார்?

டிஸ்க்குக்கும் இதே கதி வந்திருக்கும். 2013-ல் மைக்ரோசாஃப்ட் தன் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கருவியை அறிவித்தபோது பழைய டிஸ்க்குகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் வரும் என்றது. ஜூன் 10 அன்று போட்டியாளரான சோனி ஒரு குட்டி வீடியோவை வெளியிட்டது. விஷயம்: பழைய ஆட்டத்தை நண்பருக்குத் தருவது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கி நன்றி சொல்கிறார். அவ்வளவுதான். உலகமே சிரித்தது. ஒன்பது நாளில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. சண்டையில் ஆடுபவர்கள் ஜெயித்தார்கள், ஆனால் பிற்பாடு சந்தை தானாகவே இணையத்துக்கு நகர்ந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-ன் ஒரு வகையில் டிஸ்க் போடும் துளையே இல்லை. வந்தபோது அதன் விலை பத்தாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது. மலிவாகத் தெரியும், பிறகு விற்க எதுவும் மிஞ்சாது.

செப்டம்பரில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை, ஆனாலும் வேலை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு வயது மகன் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றான்.

"அப்பா, ஃபிஃபா 19 எங்க?"

"வித்தாச்சுடா. நீ அதை ஆடி ரெண்டு வருஷமாச்சே."

"அதுல தாத்தா இருக்கார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. 2020 ஊரடங்கில் பேரனும் தாத்தாவும் சேர்ந்து அந்த ஆட்டத்தில் ஒரு வீரரை உருவாக்கியிருந்தார்கள். தாத்தாவின் பெயர், தாத்தாவின் உயரம், தாத்தாவின் மீசை. பெரியவர் கௌதமபுரத்தில் வளர்ந்தவர். அல்சூரை ஒட்டிய அந்தப் பேட்டையில் பீலேவுக்குச் சிலையே உண்டு. வயசுக் காலத்தில் அங்கே வெறுங்காலோடு பந்து உதைத்தவரைப் பேரன் பார்சலோனா அணியில் சேர்த்துவிட்டான். "எனக்கு எதுக்குடா கண்ணா இவ்வளவு பளபளப்பா ஷூ?" என்று கேட்டாராம். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார்.

சேமித்து வைத்த ஆட்டம் டிஸ்க்கில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை விற்காததால் தாத்தா பத்திரமாகத்தான் இருந்தார். ஆனால் டிஸ்க்கைப் போடாமல் அவர் மைதானத்தில் இறங்க மாட்டார்.

இணையக் கடையில் தேடினார். கிடைக்கவில்லை. தயாரிப்பாளரான ஈ.ஏ. நிறுவனத்துக்கும் ஃபிஃபா அமைப்புக்கும் இருந்த உறவு முறிந்து, அந்தச் செப்டம்பரில் ஆட்டம் வேறு பெயரில் வந்திருந்தது. கூடவே பழைய ஃபிஃபா ஆட்டங்களையெல்லாம் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். எத்தனை பணம் கொடுத்தாலும் புதிதாக வாங்க முடியாது.

மிச்சமிருந்த வழி நேஷனல் மார்க்கெட். இருவரும் மெட்ரோ ஏறிப் போனார்கள். மூன்றாவது கடையில், அடியில் கிடந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. யாரோ எப்போதோ விற்றுவிட்டுப் போனது. இந்தியாவில் விற்கப்பட்ட பதிப்புதானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வேறு நாட்டுப் பதிப்பானால் பழைய சேமிப்பு திறக்காமல் போகலாம். சரியாக இருந்தது. டிஸ்க்கை ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய கீறல் ஒன்று.

"ஓடுமா?"

"ஓடலைன்னா திருப்பிக் கொண்டு வாங்க சார். முன்னூறு."

பேரம் பேசவில்லை. நூற்றைம்பது ரூபாய் நஷ்டம். இத்தனை நாள் வியாபாரத்தில் அவர் வருத்தப்படாத ஒரே நஷ்டம் அதுதான்.

டிஸ்க்குதான் சாசுவதம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வரை நிறுத்தியபோது டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது ஓடவில்லை. அதே வருடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. டிஜிட்டல் பொருளை விற்பவர்கள், தருவது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. சொல்வதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

அன்று மாலை வீட்டில் டிஸ்க் ஒரு தடவை முனகிவிட்டு ஓடியது. பார்சலோனா அணி வரிசையாக மைதானத்துக்குள் வந்தது. நடுவில் மீசைக்காரர் ஒருவர், பளபளக்கும் ஷூவோடு. மகன் கண்ட்ரோலரை எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

"நீங்க ஆடுங்கப்பா. நான் பாக்கறேன்."

அலமாரியில் இப்போது ஆறு டிஸ்க்குகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்துக்கு விலை பேசலாம்.