மலைக்குப் பூட்டு எதற்கு?

வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை வேண்டுதலோடு ஏறுகிறவர்களில் யாராவது மூச்சுத்திணறி இறந்தால் கோவையிலிருந்து சித்தி மகன் அழைத்துவிடுவான். "இதையெல்லாம் மூடிடோணுங்ணா. நம்ம சனத்துக்குச் சொன்னாப் புரியாது." இந்தக் கோடையிலும் அதே பேச்சு. மூடச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சொன்னால் புரியாது என்றானே, அதுதான் ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் ஆகஸ்டில் நார்வேயின் யோட்டுன்ஹெய்மன் மலைகளுக்குப் போனேன்.

யெண்டே ஏரியைப் படகில் கடந்து, பாறைகளில் சிவப்பு வண்ணத்தால் எழுதிய 'டி' எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பகல் முழுக்க நடந்தால் ஓலாவ்ஸ்பூ என்ற குடில் வரும். 1,440 மீட்டர் உயரம். சாலை கிடையாது, காவலாளி கிடையாது. 1868இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கத்தின் குடில் அது. உறுப்பினர் கையில் இருக்கும் ஒரே சாவி நாடெங்கும் உள்ள இத்தகைய குடில்களில் பெரும்பாலானவற்றைத் திறக்கும். உள்ளே அலமாரி நிறைய மொறுமொறு ரொட்டி, டப்பா மீன் உருண்டை, கலைமான் இறைச்சி, ஓட்ஸ், காபி. சுவரில் விலைப்பட்டியல். எடுத்ததை நாமே கணக்கெழுதிப் பணம் கட்ட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கட்டினாலும் சரி. நள்ளிரவில் நனைந்து வருகிறவருக்கும் இடமில்லை என்று சொல்லக்கூடாது. தரையில் மெத்தை போட்டாவது படுக்கவைக்க வேண்டும். காலையில் கிளம்புமுன் விறகு பிளந்து, ஓடையில் நீர் மொண்டு வைத்து, தரையைத் துடைத்துவிட்டுத்தான் எல்லோரும் கதவைப் பூட்டினார்கள். பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒரு நாடு தன் குடிமக்களை இப்படி நம்புகிறது. நார்வேயில் நான் கண்டவற்றில் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன்.

அந்த நம்பிக்கை குடிலோடு முடிவதில்லை. மறுநாள் சிலர் சேர்ந்து ஸ்கார்டால்ஸெகி முகட்டில் ஏறினோம். 2,100 மீட்டருக்கு மேல் உயரம், அடையாளக் குறி எதுவும் இல்லாத பாறை. கயிறு வேண்டாம், ஆனால் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பிடிக்கும் கல்லை முதலில் தட்டிப் பார்ப்பது, மூன்று பிடி உறுதியான பிறகே நான்காவதை நகர்த்துவது. உலர்ந்திருக்கும்வரை அந்தச் சொரசொரப்பான பாறை காலணியை விடாது. தூறல் விழுந்ததும் மேலே படிந்த கறுப்புப் பாசி சோப்புத் தேய்த்ததுபோல் ஆகிவிட்டது. உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், எங்களில் மலைக்கு மிகவும் பழகிய நார்வேக்காரப் பெண் நின்று, "திரும்பலாம்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. இறங்கினோம்.

1967 ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். மலையை மூடவில்லை. 1957இல் வந்த சட்டம் எல்லோருக்கும் கொடுத்த நடமாடும் உரிமை அப்படியே இருந்தது. மலை விதிகளை ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகக் கொண்டு போனார்கள். இன்றுள்ள ஒன்பது விதிகளில் எட்டாவது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. இது அங்கே குழந்தைக்கும் மனப்பாடம். மீட்க வந்தால் கட்டணமும் கேட்பதில்லை, ஆகவே உதவி கேட்கவும் யாரும் தயங்குவதில்லை.

நம் ஊரில் 2018 மார்ச்சில் குரங்கணியில் காய்ந்த புல் தீப்பற்றி, மலையேறப் போன 23 பேர் மாண்டார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கு வந்த கட்டுப்பாடுகளை நான் குறை சொல்ல மாட்டேன். யோட்டுன்ஹெய்மனில் யானை இல்லை, மார்ச் மாதத் தீ இல்லை. நார்வேயின் சட்டத்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படியே நட முடியாது. 2024இல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை மலைக்கிராமத்து இளைஞர்களின் வழிகாட்டலோடு திறந்தது நல்ல காரியம்.

ஆனால் நம் சனத்துக்குப் புரியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓலாவ்ஸ்பூவில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளியங்கிரியிலோ இருட்டில் மூங்கில் தடியூன்றி ஏறும்போது, முன்பின் தெரியாத பெரியவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றிவிடுகிற பையன்கள் எத்தனை பேர்! தண்ணீர் தீர்ந்தவருக்குத் தன் பாட்டிலை நீட்டாதவரை நான் அங்கே பார்த்ததில்லை. அப்படிப்பட்ட சனத்துக்கு மூச்சு வாங்கினால் இறங்கு என்று சொன்னால் புரியாதா? நாம் சொன்னதில்லை. ஏழாவது மலை தொடாமல் திரும்பினால் வேண்டுதல் பாதியில் நின்றது என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறோம்.

பிப்ரவரியில் பாதை திறக்கும்முன் வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் ஒரு பெரிய பலகை வையுங்கள். என்னென்ன அறிகுறி கண்டால் உட்கார வேண்டும், எப்போது இறங்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும். வீட்டில் இருக்கிற நீங்களும், மூன்றாவது மலையிலிருந்து திரும்பி வந்தவரிடம் "ஏன், ஏற முடியலையா?" என்று கேட்காதீர்கள்.