தங்கத்துல பாத்த படம்

ஏப்ரல் 14

வருஷப் பிறப்புச் சாப்பாடு முடிந்த கையோடு பரணிலிருந்து ஏழு அட்டைப்பெட்டிகள் இறங்கின. அத்தனையும் அப்பா சேர்த்த விசிடி, டிவிடி. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்குக் கை நிற்கவில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டுக்கு எதற்குப் போனாலும் இரண்டு படத்தோடுதான் திரும்புவார். இப்போது அவரும் இல்லை, டிவிடி பிளேயரும் இல்லை. ஹாலில் 43 அங்குல டிவியும் அதன் முதுகில் ஒட்டிய உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரும் இருக்கின்றன. அதற்குள் இதையெல்லாம் ஏற்றி, அம்மா ரிமோட்டை அமுக்கினால் படம் ஓட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

“எதுக்கு மாமா இந்தக் குப்பை? எல்லாம் நெட்டுலயே கிடைக்கும்” என்றான் மருமகன். சந்தா கட்டும் தளத்தில் இந்த மாதம் இருக்கிற படம் அடுத்த மாதம் காணாமல் போகிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கியது கையில் இருக்கும்போது எதற்குப் பிறர் வாசலில் நிற்பது?

4 டிபி ஹார்டுடிஸ்க் வாங்கி மாட்டினால் 3.63 என்று காட்டுகிறது. ஏமாற்று இல்லையாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. படி அளவில் வாங்கி மரக்காலில் அளந்த கதை.

ஏப்ரல் 17

மூன்று நாள் வேலை வீணாய்ப் போயிற்று. விசிடிக்குள் ‘எம்பெக்ஏவி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், படம் அதில்தான். கோப்பின் பெயர் ‘ஏவிசீக்01’. எந்த டிஸ்க்கைப் போட்டாலும் அதே பெயர். ஒரே இடத்தில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்திருக்கிறேன். பழையதை அழித்துவிட்டு எழுதவா என்று அது கேட்க, நான் தூக்கக் கலக்கத்தில் சரி சரி என்று அமுக்கியிருக்கிறேன். பதினாறு டிஸ்க் போட்டதற்கு மிஞ்சியது ஒரே படம், அதிலும் இரண்டாம் பாதி.

இனி டிஸ்க் உள்ளே போவதற்கு முன்பே படத்தின் பெயரில் ஃபோல்டர் தயாராக இருக்கும். ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிஷம்தான் பிடிக்கும் என்பதால் நம் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்காக வந்தன. எங்கே வெட்டினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. பல்லவி இதில், சரணம் அதில். கோப்பின் கடைசியில் ‘சிடி1’, ‘சிடி2’ என்று சேர்த்துவிட்டால் நாங்கள் போட்டிருக்கும் கோடி என்ற மென்பொருள் ஒரே படமாக ஓட்டிவிடுகிறது. (2014 வரை அதற்கு எக்ஸ்பிஎம்சி என்று பெயர். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்தது. மாற்றிய பெயரைத் தமிழ்க்காதால் கேட்டால் பணக்கார மென்பொருள் போலிருக்கிறது, இலவசம்தான்.)

டிஸ்க் துடைப்பதில் ஒரு பாடம். கண்ணாடியைத் துடைப்பதுபோல வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாக இழுக்க வேண்டும். தகவல் சுருளாகப் பதிந்திருப்பதால், குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். சுருளோடு கூடவே ஓடும் கீறலில் மாட்டிக்கொள்ளும். அப்பாவின் பழைய மல்வேட்டி இதற்கு நன்றாக உதவுகிறது.

விசிடி படம் 352க்கு 288 புள்ளிதான். 43 அங்குலத்தில் பார்த்தால் முகமெல்லாம் சோழி பரப்பினாற்போல இருக்கிறது. அம்மாவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 21

அம்மா ‘ஆயிரத்தில் ஒருவன்’ கேட்டார். போட்டோம். எம்.ஜி.ஆர். படத்துக்கு மேலே கார்த்தி படத்தின் போஸ்டர் நிற்கிறது. 1965க்கும் 2010க்கும் ஒரே பெயர். பெயரை மட்டும் வைத்து இணையத்துப் பட்டியலில் தேடினால் மென்பொருளுக்கு என்ன தெரியும்? உட்கார்ந்து எண்ணினோம்: பில்லா, பொல்லாதவன், படிக்காதவன், முரட்டுக்காளை, தில்லுமுல்லு, மாப்பிள்ளை, விக்ரம். எல்லாம் இரண்டு இரண்டு. தலைப்புக்கு இவ்வளவு பஞ்சம் உள்ள ஊர் வேறு உண்டா தெரியவில்லை. எல்லாக் கோப்பிலும் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வருஷம் போட்டோம், அடங்கியது. அதற்கும் முன்னால் எழுத்துத் தகராறு. ஆயிரத்துக்கு ஒரு ‘ஏ’யா, இரண்டு ‘ஏ’யா? ‘தி’யில் ‘ஹெச்’ உண்டா? ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு தமிழ்.

மருமகன் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தான். கறுப்பு வெள்ளைப் படங்களில் அங்கங்கே பச்சையும் ஊதாவுமாகச் சாயம் படர்கிறது என்று, சுருக்கும்போது ‘நிறம் வேண்டாம்’ என்பதை டிக் செய்து ராத்திரி முழுக்க ஓடவிட்டான். காலையில் அம்மா ‘நாடோடி மன்ன’னோடு உட்கார்ந்தார். மத்தியானம் கூப்பிட்டார். “ஏண்டா, இது பாதிக்கு மேல கலராகுமே, என்னடா பண்ணுனீங்க?” 1958இல் வந்த அந்தப் படத்தின் பின்பகுதி கேவாகலரில் எடுத்தது. அதையும் சேர்த்து வெளுத்திருக்கிறோம். திரும்ப டிஸ்க்கைத் தேடி எடுத்தோம். நல்லவேளை, படித்தது.

ஏப்ரல் 26

இன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. மென்பொருள் படங்களை வகை பிரித்து வைத்திருக்கிறது: டிராமா, ரொமான்ஸ், ஆக்‌ஷன். நம் படம் ஒன்றில் இந்த மூன்றும் உண்டு, காமெடியும் உண்டு. எனவே எதைத் தட்டினாலும் எல்லாப் படமும் வருகிறது. அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. அவர் கேட்பது இப்படி: “தங்கத்துல பாத்தமே, சித்தி கூட வந்தாளே, அந்தப் படம்.” “சிந்தாமணில தரை டிக்கெட்டுல உக்காந்து பாத்தது.” படத்தின் பெயர் பிறகுதான் வரும், சில சமயம் வராது.

அப்படியானால் பட்டியலை அப்படியே போட்டால் என்ன? படத்தின் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைத்தால் கோடி அதைப் படித்துக்கொள்ளும்; குறிச்சொல்லாக எதை வேண்டுமானாலும் எழுதலாம். அம்மா முறம் நிறைய முருங்கைக்கீரையோடு உட்கார்ந்து உருவ, நான் தலைப்பைச் சொல்ல, அவர் தியேட்டரைச் சொன்னார். தங்கம், சிந்தாமணி, சென்ட்ரல், இம்பீரியல், நியூ சினிமா, கல்பனா, அலங்கார், மீனாட்சி.

தங்கம் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரில் பெருமை. அம்மாவைக் கைக்குழந்தையாக அந்தப் படத்துக்குத் தூக்கிப் போனார்களாம். “நான் அழுததுல எங்கம்மா பாதிப்படம் வெளியதான் நின்டுச்சு.” சிந்தாமணியின் கதை இன்னும் சுவாரசியம். பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ 1937இல் கொட்டிய காசில் ராயல் டாக்கீஸ்காரர்கள் கட்டி, படத்தின் பெயரையே வைத்த கொட்டகை. இரண்டும் இன்று இல்லை. இரண்டு இடத்திலும் ஜவுளி விற்கிறார்கள்.

ரீகலை அம்மா சொல்லவில்லை, நான் சேர்த்தேன். ஸ்டேஷன் பக்கம் விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடத்தில் இங்கிலீஷ் படம் ஓட்டிய கொட்டகை. அதே கட்டடத்தில் நூலகமும் உண்டு. சினிமாவும் நூலகமும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஊர் இது. நான் என்ன புதிதாகச் செய்துவிட்டேன்?

மே 1

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்க்க மேலூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். திரும்பும்போது அவள் பையில் இன்னொரு ஹார்டுடிஸ்க்கை வைத்து அனுப்பினேன். எல்லாப் படத்துக்கும் இரண்டாம் பிரதி. போன வாரம் கரண்டு போய்ப் போய் வந்ததில் ஒரு கோப்பு பாதியில் கெட்டது. அன்றைக்கே யுபிஎஸ்ஸும் வாங்கினேன்.

தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931. அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. படத்தைக் காப்பதற்கென்றே 1964இல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் நைட்ரேட் சுருள்களே 2003 தீவிபத்தில் எரிந்தன. அக்கா வீட்டுப் பீரோவில் சேலைக்கு அடியில் ஒன்று கிடக்கட்டும்.

மே 5

ஏறியது 212 படம். எத்தனை துடைத்தும் படிக்காத டிஸ்க் 31. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பூச்சு உதிர்ந்து பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிகிறது.

காலையில் காப்பி கொடுக்கும்போது அம்மா சொன்னார்: “நேத்து ராத்திரி போட்ட படத்துக்கு சென்ட்ரல்னு எழுதிருக்க. அது நியூ சினிமாடா.”

மாற்றிவிட்டேன்.