தெமோதரையில் பொறுக்கிய கோவா

என் அம்மா பிறந்தது பதுளை மாவட்டத்துத் தெமோதரையில். 1977 கலவரத்தின் பின் அவரது குடும்பம் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியது. அவ்வூரைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு 2023இல்தான் கிட்டியது.

எல்லவைத் தாண்டி, ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து ரயில் தெமோதரையில் நின்றது. அங்கிருந்து புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகப் பதுளைக்குப் போகும். அம்மா சொல்லிக் கேட்டதைக் கண்ணால் கண்டேன்.

மறுநாள் காலை, லயத்திலிருந்து சின்னம்மாவும் நான்கு பெண்களும் சாக்குகளுடன் புறப்பட்டார்கள். நானும் கூடப் போனேன். கீழ்க்கிராமத்தில் ஒரு சிங்கள விவசாயியின் தோட்டம். கோவா விலை விழுந்திருந்தது. வெட்டிக் கட்டி, லொறியில் கெப்பெட்டிபொலச் சந்தைக்கு அனுப்பினால் கூலிக்கும் காணாது. வெடித்ததும் சிறுத்ததுமாகப் பாதி நிலத்திலேயே கிடந்தது.

“எடுத்துக்குங்கன்னு அவரே சொன்னாரு. மருந்தடிச்சு எத்தனை நாளுன்னு மட்டும் கேட்டுக்குவோம்” என்றார் சின்னம்மா.

புழு அரித்த இலைகளைக் களைந்து, கெட்டுப்போகக் கூடியதை அன்றே சமைத்தார்கள். தனித்திருக்கும் முதியோருக்கும் வேலைக்குப் போக முடியாத கர்ப்பிணிகளுக்கும் முதற்பங்கு. 2022இல், நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக ஐ.நா. நிறுவனங்கள் கணித்த அந்தக் காலத்தில் தொடங்கிய வழக்கமாம் இது.

எனக்குத் தொண்டை அடைத்தது. மீள்குடியேறிய முதல் ஆண்டு, அருவிவெட்டு முடிந்த வயல்களில் நானும் கதிர் பொறுக்கினேன். யாரும் பார்க்காதபடி அந்தியில் போவேன். “பொறுக்கி” என்பது நம் ஊரில் வசைச்சொல் அல்லவா? இன்றுவரை என் பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொன்னதில்லை.

சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “களவெடுத்தியா? கேட்டுத்தானே எடுத்தே?”

மகாபாரதத்தில் ஒரு கதை உண்டு. குருக்ஷேத்திரத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்ந்த ஓர் ஏழைக் குடும்பம், பசித்து வந்த விருந்தாளிக்குத் தன் மாவு முழுவதையும் கொடுத்தது. போர் முடிந்து தருமர் செய்த பெரும் யாகமும் அதற்கு ஈடாகவில்லை என்று கீரிப்பிள்ளை ஒன்று சபையிலேயே சொல்லிற்றாம்.

சகோதரிகளே, நம் வயல்களிலும் அறுவடைக்குப் பின் எவ்வளவோ மிஞ்சுகிறது. தனியே, இருட்டில் போக வேண்டாம். நான்கு பேராய், கேட்டு, பகலில் போவோம். ஊர் திரும்பிய அன்றிரவே என் பிள்ளைகளுக்கு அந்தக் கதிரின் கதையைச் சொன்னேன்.