பூசணி வாசம் பிறந்த இடம்

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்தால் போதும், காபி, கேக், ரொட்டி, மெழுகுவத்தி என்று எல்லாவற்றிலும் பூசணி வாசம் ஏறிவிடும். நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகள் ஊருக்கு வந்தபோது 'பம்ப்கின் ஸ்பைஸ்' என்று எழுதிய சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் 'பிரியாணி மசாலா' என்றான் என் மகன். 'வெத்தலைப் பெட்டி வாசம்லா அடிக்கு' என்றாள் அம்மா. பூசணிக்காய் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. டப்பாவைத் திருப்பிப் படித்தேன். பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு. பூசணி பெயரளவில்தான்.

பூசணியே இல்லாத ஒரு பொடிக்கு எப்படிப் பூசணியின் பெயர் ஒட்டிக்கொண்டது என்று தேடத் தொடங்கினேன். இந்த மாதிரிக் கலவையை மெக்கார்மிக் நிறுவனம் டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது 1934-ல். பூசணியை வேகவைத்து மசித்துச் செய்யும் 'பை' என்ற பண்டத்துக்கு வேண்டிய மசாலா எல்லாம் ஒரே டப்பாவில் என்பதுதான் அதன் வசதி. நம் ஊர்க் குழம்புப் பொடி மாதிரிதான். 2003-ல் ஸ்டார்பக்ஸ் அதே வாசத்தைக் காபியில் சேர்த்தது. இலையுதிர் காலத்தில் மட்டும் வந்து போகும் அந்தக் காபிக்கு ஆண்டுதோறும் ஜனங்கள் காத்துக் கிடக்கிறார்கள். அதில் நிஜப் பூசணி விழுது சேர்ந்ததே 2015-ல்தான். பன்னிரண்டு வருடம் உலகம் 'பூசணிச் சுவை' என்று ரசித்துக் குடித்தது மசாலா வாசத்தை.

இன்னும் பின்னால் போனால் 1796-ல் நிற்கிறோம். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் புத்தகம் என்று சொல்லப்படும் 'அமெரிக்கன் குக்கரி' வெளிவந்த வருடம் அது. எழுதியவர் அமிலியா சிம்மன்ஸ். அதில் பூசணிக்கு அவர் சேர்க்கச் சொல்வது ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. மூன்றுமே அமெரிக்க மண்ணுக்குச் சொந்தமானவை அல்ல. ஜாதிக்காய் வெகுகாலம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளின் தனிச்சொத்து. பக்கத்து மலுக்குத் தீவுகள் கிராம்புக்குத் தாய்வீடு. இரண்டையும் டச்சுக்காரர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். அனுமதியில்லாத இடத்தில் வளர்ந்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அந்தப் பூட்டை உடைத்து, பிரெஞ்சுக்காரர் பியேர் புவாவ்ர் 1770 வாக்கில் நாற்றுகளை மொரீஷியஸுக்குக் கடத்திச் சென்றார். பிறகு, சிம்மன்ஸின் புத்தகம் வந்த அதே 1796-ல், ஆங்கிலேயர் படையெடுத்துப் போய் மலுக்குத் தீவான அம்போனையும் பண்டாவையும் பிடித்தார்கள்.

இந்த இடத்தில்தான் தேடல் என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. இந்திய நறுமணப் பயிர் நூல்களில் கிராம்பு அத்தியாயத்தை எடுத்தால் தொடக்கத்திலேயே ஒரு செய்தி இருக்கும்: 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வைத்த வாசனைப் பயிர்த் தோட்டத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கிராம்பு நடப்பட்டது. கிராம்பின் காய்ந்த மொட்டு அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கப்பலேறித் தமிழகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மரமாக நின்றது குற்றாலத்தில். ஐந்து வயதிலிருந்து அருவியில் குளித்து வளர்ந்த எனக்கு இதை ஊரில் யாரும் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாகவே இதை வைத்திருக்கலாம்.

ஏன் குற்றாலம் என்பது இங்கே பிறந்தவர்களுக்கு விளங்கும். மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் கேரளத்து மழை அதன் வழியே சாரலாக வந்து தூறும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். கடலோரத் தீவில் பிறந்த கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் இரண்டு மழையும் ஈரக்காற்றும் கிடைக்கிற இதைவிட நல்ல மலையடிவாரம் கம்பெனிக்கு எங்கே அகப்பட்டிருக்கும்?

ஐந்தருவிக்கு மேலே, ஒரு தோப்பில் கிராம்பு பறிக்கிற அண்ணாச்சி ஒருவரோடு ஒரு காலைப்பொழுது இருந்தேன். மரம் கூம்பு மாதிரி நெட்டையாக நிற்கிறது. கொழுந்து இலை இளஞ்சிவப்பு. ஒன்றைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். டப்பா வாசம் முழுதாக அந்த இலையில் இருந்தது. யூஜெனால் என்கிற எண்ணெய்தான் அது. பல் டாக்டர் மருந்தில் வருவதும் அதுதான். ஏணியில் நின்று கொத்தை ஒடித்துக் கீழே போடுகிறார்கள். உள்ளங்கையில் வைத்துத் திருகிக் காம்பிலிருந்து மொட்டைப் பிரிக்கிறார்கள். பாயில் நாலைந்து நாள் வெயில் காட்டினால் பச்சையும் சிவப்பும் போய்ப் பழுப்பு ஏறும். பச்சை எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். "மொட்டு லேசாச் சிவந்ததும் பறிச்சிரணும் தம்பி. பூ விரிஞ்சிட்டா அப்புறம் அதுக்கு விலை கிடையாது" என்றார். சீசனுக்கு வருகிறவர்கள் அருவிக்கரைக் கடைகளில் ரம்புத்தான், மங்குஸ்தான் வாங்குகிற வேகத்தில், பக்கத்தில் சின்னப் பாக்கெட்டில் தொங்கும் கிராம்பையும் ஜாதிபத்திரியையும் கவனிப்பதே இல்லை. எனக்கு அது உண்மையாகவே வருத்தம்.

சரி, பூசணிக்காய்? அது எதிர்த்திசையில் வந்த பயணி. மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியில் கிலா நாக்கிட்ஸ் என்ற குகையில் கிடைத்த பூசணி விதைகளை மறுபடி ஆராய்ந்த புரூஸ் ஸ்மித், மனிதர் வளர்த்த பூசணி அங்கே ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததாக 1997-ல் எழுதினார். காட்டுப் பூசணியின் சதை கடுங்கசப்பு. அதனால் ஆதி மனிதர் முதலில் தேடியது விதையைத்தான், சதை இனித்தது பல தலைமுறை வளர்த்த பிறகு என்கிறார்கள். கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக அந்தக் கொடி நம் பக்கம் வந்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்களும், அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கும் பூசணியில் பெரும்பகுதியும் ஒரே இனம்தான்: குக்கூர்பிட்டா மொஸ்காட்டா.

வந்தது எப்போதாக இருந்தாலும் நாம் அதை வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டோம். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப்பூ. தைப் பொங்கலுக்குப் பூசணி போட்ட சாம்பார். பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். அங்கே என் அத்தை வைக்கிற எரிசேரியில் பூசணியும் பயறும் குழைய வெந்திருக்கும். தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்து, கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைத் தேங்காய் எண்ணெயில் பொன்னிறம் தாண்டிச் சிவக்க வறுத்து மேலே கொட்டுவார். அந்தச் சிவந்த தேங்காயின் வாசம்தான் எனக்குப் பூசணி வாசம். கிராம்பு மரம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அத்தை ஒருநாளும் எரிசேரியில் கிராம்பு போட்டதில்லை. எங்கள் பக்கம் அது கறிக்குழம்புக்கும் வெற்றிலைக்கும் பல்வலிக்கும் உரியது.

இப்படி யோசித்துத்தான் பூசணியின் நிலைத்த புகழுக்கு ஒரு காரணம் கண்டேன். தனக்கென்று பெரிய வாசம் இல்லாத காய் அது. லேசான இனிப்பு, மெத்தென்ற சதை. எந்த ஊரார் எதைச் சேர்த்தாலும் ஏற்றுக்கொண்டு, அந்த ஊரின் பண்டிகை வாசத்தைத் தன் பெயரில் சுமக்கிறது. அமெரிக்காவில் அது ஜாதிக்காயும் கிராம்பும். செங்கோட்டையில் வறுத்த தேங்காய்.

ஆனால் விதைக்குச் சொந்தச் சுவை உண்டு. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து லாரி லாரியாகப் பூசணி புளியரை வழியே கேரளத்துக்குப் போகிறது. நம் வீடுகளிலோ காயை அரிந்ததும் குடலோடு விதையையும் வழித்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம். அப்புறம் பெரிய கடையில் 'பம்ப்கின் சீட்ஸ்' என்று பச்சைப் பருப்பைக் கால் கிலோ, அரைக் கிலோ என்று காசு கொடுத்து வாங்குகிறோம். தோல் உரிக்கும் வேலை இல்லாமல் கிடைக்க அதற்கென்றே தனி ரகம் உண்டு. ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில் தடித்த ஓடே இல்லாத விதை வைக்கும் பூசணி எண்ணெய்க்காக வளர்க்கப்படுகிறது. நம்முடையதற்கு ஓடு உண்டு, அவ்வளவுதான்.

அத்தை விதையை அலசி, வழுவழுப்புப் போகச் சாம்பலில் பிசறி, முறத்தில் காயவைப்பார். நன்றாகத் தட்டித் துடைத்து, மண்சட்டியில் சின்னத் தீயில் வறுத்தால் ஒவ்வொன்றாக வெடித்துக் குதிக்கும். உப்புத் தண்ணீர் தெளித்து இன்னொரு பிரட்டு. ஐப்பசி மழைக்கு வெளியே போக முடியாத சாயங்காலங்களில் முன்பல்லால் ஓட்டைக் கடித்துப் பிரித்துப் பருப்பைத் தின்போம். எல்லாவற்றையும் சட்டியில் போட விடமாட்டார். கனத்த, நன்றாக முற்றிய விதைகளை முதலில் பொறுக்கித் தனியே முடிந்து வைப்பார். அது ஆடிப்பட்டத்துக்கு.