பதினொருவரும் ஒரு பென்ஷனும்

திருவனந்தபுரத்துக் கால்பந்து ரசிகர்கள் அணித் தேர்வைப் பற்றி விவாதிக்க உட்கார்ந்தால், ஓர் உத்தியோகமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திருவனந்தபுரம் பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு மசூதி, அதை ஒட்டியே ஒரு கணபதி கோயில், எதிரே ஒரு தேவாலயம். ஊரைப் பற்றி எழுத வருகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே புகைப்படத்தில் அடக்கப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். நான்காவது வழிபாட்டுத் தலம் சில நிமிட நடையில் இருக்கிறது: 1956இல் கட்டப்பட்ட சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கம். கேரளக் காவல்துறையின் முதல் ஐ.ஜி.யின் பெயரைத் தாங்கிய இந்த மைதானம் இன்றும் காவல்துறையின் சொத்து.

ஆட்டமுள்ள மாலைகளில் சுற்றுவட்டாரத் தட்டுக்கடைகளில் கட்டன் சாயா கொதிக்கிறது. காகிதக் கூம்பில் கப்பலண்டி கைமாறுகிறது (நம் வேர்க்கடலைதான்). கேலரியில் இரண்டு தலைமுறைகள். ஒன்று கழுத்தில் துண்டும் கையில் கொடியுமாக வந்த இளைஞர் கூட்டம். மற்றது வேட்டி கட்டிய, ஓய்வு பெற்ற அரசு ஊழியர் கூட்டம். இரண்டுக்கும் அணி ஒன்றுதான். எது நல்ல அணி என்பதில்தான் தகராறு.

அணியின் பெயர் திருவனந்தபுரம் கொம்பன்ஸ். கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் ஆறு அணிகளில் தலைநகரத்துக்குரியது இது. முதல் ஆண்டில் பயிற்சியாளர் பிரேசில்காரர், கேப்டன் பாட்ரிக் மோட்டாவும் பிரேசில்காரர். அரையிறுதி வரை போய் காலிகட் எஃப்.சி.யிடம் 1-2 என்று தோற்றது. 2025இல் அரையிறுதியையே எட்டவில்லை. அணியை மீண்டும் கட்ட வேண்டும் என்பதில் கேலரியில் கருத்து வேற்றுமை இல்லை. யாரை வைத்துக் கட்டுவது என்பதில்தான் சாயா ஆறிப்போகிறது.

இளைஞர் தரப்பின் வாதம் எளிது. நல்ல வெளிநாட்டுக்காரர்கள் நடுக்களத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். கோல்கீப்பரும் தடுப்பு வரிசையும் ஐ.எஸ்.எல். அனுபவம் உள்ளவர்களாக இருக்கட்டும், ஜெயிப்பதுதான் முக்கியம். மூத்தவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு வேறொரு கேள்வி கேட்பார்கள்: நம் கடற்கரைப் பையன்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன ஏற்பாடு? பந்தாட்டத்தில் ஏற்பாடு என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். இந்த ஊரின் கால்பந்து வரலாறு முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 'டிராஃப்ட்' என்றொரு முறை உண்டு. கல்லூரி முடித்த ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். போன ஆண்டு மோசமாக ஆடிய அணிக்குப் பொதுவாக முதல் வாய்ப்பு. இந்தியாவில் ஐ.எஸ்.எல். இதை 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் மும்பையில் நடத்திப் பார்த்தது. 2017இல் முதல் ஆளாக ஜாம்ஷெட்பூர் அணியால் எடுக்கப்பட்டவர் மலப்புறத்துக்காரரான அனஸ் எடத்தொடிக. விலை 1 கோடியே 10 லட்சம் ரூபாய். நாடே வியந்தது. திருவனந்தபுரத்துக்கு இதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. அதன் சொந்த 'டிராஃப்ட்' பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதை நடத்தியவை அலுவலகங்கள்.

பாளையத்திலிருந்து எம்.ஜி. ரோடில் தெற்கே நடந்தால் தலைமைச் செயலகம். அதன் அருகே ஏ.ஜி. ஆபீஸ், அதற்கு ஓர் அணி. பட்டத்தில் மின்வாரியத் தலைமையகம். அதற்கு ஓர் அணி. கொச்சுவேளியில் டைட்டானியம் தொழிற்சாலை. 1973இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கித் தந்த அணியில் ஆடிய நஜுமுதீன் டைட்டானியத்தின் ஆட்டக்காரர். பூஜப்புரையில் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர்; அதன் அணி 2004-05இல் தேசிய லீகிலேயே ஆடியது. மலபாரில் கால்பந்து அறுவடை முடிந்த வயல்களில் 'செவன்ஸ்' ஆட்டமாக விளைந்தது. தலைநகரத்தில் அது வருகைப் பதிவேட்டில் விளைந்தது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். அணிகளைப் பார்த்து வளர்ந்த சென்னை ரசிகர்களுக்கு இது பழகிய கதைதான். ஆனால் இந்த அளவுக்கு ஓர் ஊரின் பேச்சாகவே ஆனது இங்கேதான்.

இதன் உச்சம் கேரளக் காவல்துறை அணி. 1984இல் தொடங்கப்பட்டது. கால்பந்துப் பித்துக் கொண்ட போலீஸ் அதிகாரிகள் மாநிலம் முழுவதும் ஆள் தேடினார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த சிறுவன் ஐ.எம். விஜயன், பதின்பருவம் முடிவதற்குள் போலீஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். கண்ணூரிலிருந்து வி.பி. சத்யன். உடன் சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, கே.டி. சாக்கோ. 1990இல் திருச்சூரில் சல்கோகரை 2-1 என்று வென்று ஃபெடரேஷன் கோப்பையைக் கைப்பற்றினார்கள். கேரள அணி ஒன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு கண்ணூரில் மஹிந்திராவை 2-0 என்று வென்று அதைத் தக்கவைத்தார்கள்.

பிறகு வந்தது கொல்கத்தாவின் அழைப்பு. 1991இல் விஜயன் மோகன் பகானுக்குப் போனார். சத்யனும் பின்னர் அங்கே ஆடினார். கேரளத்துக் கேலரிகளில் அன்று பிறந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நிரந்தர உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பெரிய பணத்துக்குப் போவது புத்திசாலித்தனமா? ஆட்டக்காரனின் கால் பத்து வருஷம் ஓடும். வயிறு அறுபது வருஷம் கேட்கும் அல்லவா?

இரு தரப்புக்கும் சாட்சிகள் உண்டு. பாப்பச்சனும் ஷரஃப் அலியும் காவல்துறையிலேயே தொடர்ந்து உயர் பதவிகளுக்கு வந்தார்கள். ஷரஃப் அலி 2023இல் மாநில விளையாட்டுக் கவுன்சிலின் தலைவரும் ஆனார். விஜயன் ஊர் ஊராக ஆடிவிட்டுக் கடைசியில் காக்கிச் சட்டைக்கே திரும்பினார். 2025இல் பத்மஸ்ரீ விருதோடும் ஓய்வூதியத்தோடும் விடைபெற்றார். இந்தியாவின் கேப்டனாக இருந்த சத்யன் போலீஸ் வேலையை விட்டுச் சென்னையில் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 2006இல் 41 வயதில் சென்னையிலேயே அவர் வாழ்வு துயரமாக முடிந்தது. அவர் கதை 2018இல் 'கேப்டன்' என்ற மலையாளப் படமானது. அவர் பெயர் வரும்போது மட்டும் கேலரியின் குரல் தாழ்கிறது.

தொழில்முறை கிளப்புகளை நம்பிப் பார்க்காமலும் இல்லை. 1997இல் எஃப்.சி. கொச்சி வந்தது. வந்த ஆண்டே டூரண்ட் கோப்பையை வென்றது. 2002இல் பண நெருக்கடியில் மூடப்பட்டது. 2004இல் தொடங்கிய விவா கேரளா, பெயர் மாறி, 2012இல் காணாமல் போனது. கோப்பை அலமாரியில் இருக்கும், கிளப் இருக்காது என்ற பாடத்தை மூத்தவர்கள் மறக்கவில்லை.

அலுவலகங்களும் பழையபடி இல்லை. 2017 ஏப்ரல் 1இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், பாரத ஸ்டேட் வங்கியில் இணைந்தது. திருவாங்கூர் என்ற பெயர் ஜெர்சியிலிருந்து போனது. அடுத்த மாதமே இன்னொரு செய்தி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏ.ஜி. ஆபீசில் சேர்ந்திருந்த இந்திய வீரர் சி.கே. வினீத், போதிய வருகை இல்லை என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே மே மாதத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக பெங்களூருவின் இரண்டு கோல்களையும் போட்டவர் அவர்தான். கால்பந்து ஆடுவதற்காக வேலை கொடுத்தார்கள். கால்பந்து ஆடியதால் வேலை போயிற்று. பின்னர் மாநில அரசு தலைமைச் செயலகத்தில் பணி தர முன்வந்தது. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சில மாதங்கள் ஆடினால் போதும். மீதி நாள் மேஜையில் உட்காரலாம். ஐ.எஸ்.எல். வந்தபின் ஆட்டமே முழுநேர உத்தியோகம். இரண்டு நாற்காலியில் ஒருவர் உட்கார முடியாது.

இந்த விவாதம் யாருக்காக நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நகரத்தை விட்டுத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கோவளம் தாண்டி, 2025இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள் நிற்கும் விழிஞ்ஞம் தாண்டி, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு தாண்டி, கேரளத்தின் கடைசி மீனவ கிராமமான பொழியூர். சந்தோஷ் டிராபி கிராமம் என்றே பெயர் வாங்கிய ஊர். படகுகளுக்கும் வலைகளுக்கும் நடுவே மணலில் வெறுங்காலோடு பந்து உருளும். கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. ஆடும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆட்டம் நிற்கவில்லை.

பொழியூரை அடுத்து நீரோடி. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று நீளும் கடலோர வரிசையிலும் அதே மணல், அதே பந்து, மலையாளம் கலந்த அதே தமிழ். ஐ.எஸ்.எல்.லில் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ் இந்த வரிசையின் பிள்ளை. 1956இல் எல்லைக்கோடு போட்டவர்கள் நிலத்தைத்தான் பிரித்தார்கள். பந்துக்கு அந்தக் கோடு தெரியாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்தக் கரை முழுவதும் ஆட்களைக் கொண்டுபோனது. நான்கே மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1இல், கொல்கத்தாவில் மேற்கு வங்கத்தை பெனால்டியில் வீழ்த்தி கேரளம் சந்தோஷ் டிராபியை வென்றது. அந்த அணியில் பொழியூர் சீசன் இருந்தார். அடுத்த ஆண்டு அவரே கேப்டன். வென்ற அணியில் வேலை இல்லாதவர்களுக்கு அரசுப் பணி என்று கேரள அமைச்சரவை முடிவு செய்தது. கோப்பையைவிட அந்த அறிவிப்புக்குத்தான் கடற்கரையில் அதிக அர்த்தம். கடலுக்குப் போகாமல் பிழைக்க ஒரு வழி இருக்கிறது, அந்த வழி பந்து போகும் வழி என்று ஒவ்வொரு தாய்க்கும் அது சொன்னது. இந்த நம்பிக்கை கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. 2024 டிசம்பர் 31இல் ஹைதராபாத்தில் கேரளத்தை 1-0 என்று வென்ற மேற்கு வங்க வீரர்களுக்கும் அவர்கள் அரசு வேலைதான் அறிவித்தது.

இப்போது பாளையத்துக் கேலரியின் கேள்வி புரியும். சூப்பர் லீகின் முதல் பருவம் 2024 செப்டம்பர் 7இல் தொடங்கி நவம்பர் 10இல் முடிந்துவிட்டது. இரண்டு மாதம். பிரேசில்காரருக்கு அடுத்த ஒப்பந்தம் வேறு நாட்டில் காத்திருக்கலாம். பொழியூர்ப் பையனுக்கு மீதி பத்து மாதம்? மூத்த ரசிகர் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 50 பேர் என்ற அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுக் கணக்கை விரல் மடக்கிக் காட்டுவார். இளைஞரும் விடமாட்டார். அலுவலக அணிகளை நம்பி இருந்ததால்தானே கேரளத்து ஆட்டம் இருபத்தைந்து வயதில் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது? வேலை கிடைத்த மறுநாளே ஓட்டம் குறைந்த எத்தனை பேரை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், அண்ணா? அதற்கு மூத்தவரிடம் உடனடிப் பதில் இல்லை. கப்பலண்டித் தோலை ஊதிவிட்டு மைதானத்தைப் பார்ப்பார்.

இருவர் சொல்வதும் சரிதான் என்பதே இந்த ஊரின் சங்கடம். மேஜை ஆட்டக்காரனைக் காப்பாற்றியது, ஆட்டத்தை மந்தமாக்கியது. கிளப் ஆட்டத்தை வேகமாக்குகிறது, ஆட்டக்காரனைப் பருவம் முடிந்ததும் கரையில் விடுகிறது. கொம்பன்ஸ் மீண்டும் கட்டப்படும்போது யார் முன்கள வீரர் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். கடற்கரைப் பையனுக்கு ஆண்டு முழுவதற்கும் ஒப்பந்தம், அவனுக்குப் பின்னால் வரும் சிறுவர்களுக்கு ஒரு பயிற்சிக் கூடம், காயப்பட்டால் சிகிச்சை: இந்த மூன்றையும் ஒரு கிளப் கொடுத்துவிட்டால், அலுவலகம் செய்த வேலையில் பாதியை அது செய்துவிட்டதாகும். மீதிப் பாதிதான் பென்ஷன். அதற்கு இங்கே இன்னும் எந்த லீகும் விதி எழுதவில்லை.